ஜெர்மனி ட்ரெயின்ல எங்க பெரியப்பா... எனக்கு மட்டும்தான் இப்படியா?

வெண்ணாத்துக்காரன்:
ஊரு நீடாமங்கலம் பக்கம், மியூனிக் வந்து எட்டு மாசம் ஆச்சு. வந்த புதுசுல வெள்ளக்காரங்க எல்லாரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருந்தாங்க, ஆபீஸ்ல ரெண்டு பேர பேரு மாத்தி கூப்ட்டு மானம் போச்சு. இப்ப என்னடான்னா போறவன் வர்றவன் எல்லாம் தெரிஞ்ச மூஞ்சியா இருக்கு. பேக்கரில நிக்கிற அம்மா அச்சு அசல் எங்க ஊரு ரேஷன் கடைல பில் போடுறவங்க. போன வாரம் யூ6 ட்ரெயின்ல எதுக்க ஒரு பெரியவர், ஆறடி, நல்ல செவப்பு, எங்க பெரியப்பாவுக்கும் அவருக்கும் ஒரு பொருத்தமும் கெடையாது, ஆனா வாட்ச மணிக்கட்டுக்கு உள்பக்கமா கட்டியிருந்தாரு, மணி பாக்க கைய மல்லாத்தி கண்ணாடிய நெத்திக்கு தூக்கிவிட்டு உதட்ட ஒரு சுழி சுழிச்சாரு பாருங்க, தூக்கிவாரி போட்ருச்சு. களத்துல நெல்லு தூத்தும்போது பெரியப்பா இப்படித்தான் மணி பாப்பாரு. செண்ட்லிங்கர் டோர்ல எறங்க வேண்டியவன் அவரையே பாத்துகிட்டு ரெண்டு ஸ்டாப் தாண்டி போய்ட்டேன். முந்தாநாள்தான் பெரியப்பாகிட்ட போன்ல பேசுனேன், நல்லாத்தான் இருக்காரு. இது வீட்டு நெனப்பா இல்ல கண்ணு டாக்டர பாக்கணுமா?

கடைமடை சம்பா:
கண்ணுக்கு ஒன்னும் இல்ல தம்பி. 2018ல இங்கிலாந்து யார்க் யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணி, ஒரு மனுசனுக்கு சராசரியா 5000 மூஞ்சி அடையாளம் தெரியும்னு சொன்னாங்க, ஆளுக்கு ஆளு 1000லேர்ந்து 10000 வரை மாறும். நம்ம 5000ல முக்காவாசி மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுலயும் கல்யாண பந்திலயும் சேத்ததுதான. புது ஊருக்கு போனாலும் மூள அந்த மூட்டைக்குள்ள கைய விட்டுதான் துழாவும், இது என் கணக்கு. இன்னொன்னு, நீங்க அவரு மூஞ்சிய சொல்லவே இல்ல, வாட்சதான் சொல்றீங்க. வரப்புல தூரத்துல வர்ற ஆள நாம என்ன மூஞ்சிய பாத்தா கண்டுபுடிக்கிறோம், நடைய பாத்துதான.

வடுவூரான்:
நான் சிங்கப்பூர். இங்க கதையே வேற. ஞாயித்துக்கெழம நம்மாளுங்க கூடுற லிட்டில் இந்தியா பக்கம் தேக்கால ஒருத்தன் தோள்ல தட்டி டேய் மாப்ளன்னேன், திரும்புனா வேற ஆளு, பேச்சு குடுத்தா ஒரத்தநாடு, கடைசில ரெண்டு பேரும் சேந்து டீ குடிச்சோம். ஆனா ஒன்னு மனசுல நிக்குது. பினாங்கு மார்க்கெட்ல ஒரு ஆச்சி, மூக்கு அப்படியே எங்க அப்பாயி மூக்கு. அப்பாயியோட தம்பி நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி போனவரு, லெட்டர் கொஞ்ச நாள்ல நின்னு போச்சு. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புல ஆறு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு பிரியுமே, அந்த மாதிரி எங்கயோ ஓடிருச்சு ஒரு கிளை. ஒங்க தாத்தா எந்த ஊருன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. இல்லன்னு சொல்லிட்டா? கீரைய வாங்கிட்டு வந்துட்டேன், அதுவும் கடசில சமைக்கல.

பாமணி ஆத்தங்கரை:
தம்பிகளா, நான் ஊரோட இருக்குறவ, எம் மவன் கத்தார்ல இருக்கான். இங்கயும் அதே கததான். டவுன் பஸ்ல முன் சீட்டு பையனுக்கு உச்சந்தலைல ரெட்டச் சுழி, காது ரெண்டும் கொஞ்சம் வெளிய தள்ளி, பின்னாலேர்ந்து எம் மவனேதான். 2021லேர்ந்து பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல ஓசி, கண்டக்டரு கைய நீட்டவும் தம்பிக்கு ஒன்னு குடுங்கன்னு காச நீட்டிட்டேன். அந்த பையன் திரும்பி ஏற எறங்க பாத்தான். ரவைக்கு மவன்கிட்ட சொன்னா, சுழி எனக்கு இன்னும் இருக்கும்மா, முடிதான் இல்லங்கறான்.

வெண்ணாத்துக்காரன்:
அக்கா, சிரிச்சுகிட்டே படிச்சேன், அப்பறம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அண்ணே, அடுத்த தடவ அந்த ஆச்சிகிட்ட கேட்ருங்க. பெரியப்பாகிட்ட விசயத்த சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்னும் பேசல, அப்பறம் கேக்குறாரு, அந்தாளு வாட்சு ஓடுதாடா? ஏன் பெரியப்பான்னேன். என்னுது நின்னு ரெண்டு வருசமாச்சு, சும்மாதான் பாத்துகிட்டு இருக்கேன்னாரு.