படகில் ஆறு பேர்

பெரிய வீட்டுப் பிள்ளைகள் (குடும்பக் குழு)
சனிக்கிழமை

கவின்: [படம்]

கவின்: சேகர் தாத்தா, போன வாரம் பள்ளியில் எங்களை ஓர்சே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். இது மானே வரைந்த படம், தலைப்பு "ரோஷ்ஃபோரின் தப்பியோட்டம்". இந்த ஆளைப் பற்றித்தான் நான் வகுப்பில் எக்ஸ்போசே, அதாவது வாய்மொழி உரை, செய்ய வேண்டும். ஆள் எங்கே என்றே தெரியவில்லை. ஒரே கடல். நடுவில் ஒரு சின்னப் படகு.

அருண்: ரோஷ்ஃபோரா? அது நீலம் பூத்த சீஸ் அல்லவா? மீனா அக்கா போன தடவை கொண்டுவந்து ஃபிரிட்ஜ் பூரா நாறியதே.

மீனா: அது ரோக்ஃபோர்டா. இது ரோஷ்ஃபோர். ஆன்ரி ரோஷ்ஃபோர். இவரும் கடைசியில் கொஞ்சம் நாறியவர்தான்.

சேகர் மாமா: மீனா, எடுத்த எடுப்பிலேயே பிள்ளையின் மனதைக் கலைக்காதே. கவின், நல்ல ஆளாகத்தான் மாட்டியிருக்கிறாய். மூன்றாம் நெப்போலியன் என்ற பேரரசனை ஒரு சின்னச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தூங்க விடாமல் செய்தவர் அவர்.

சரோஜா பெரியம்மா: கவின் கண்ணா, சாப்பிட்டாயா?

கவின்: சாப்பிட்டேன் பாட்டி.

சேகர் மாமா: 1831-ல் பாரிஸில் பிறந்தவர். பிரபு வம்சம், ஆனால் கையில் காசில்லை. அப்பா நாடகம் எழுதிப் பிழைத்தவர், மன்னராட்சிப் பித்து. அம்மா குடியரசுக் கட்சி. வீட்டுக்குள்ளேயே பிரெஞ்சுப் புரட்சி நடந்திருக்கும். பையன் நகரசபையில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார், அப்புறம் பத்திரிகைக்கு வந்தார். 1868 மே மாதம் பத்திரிகைச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முன் அனுமதி வாங்க வேண்டாம் என்று ஆனது. அந்த மாதமே இவர் "லா லான்டெர்ன்" என்ற வார இதழைத் தொடங்கிவிட்டார். சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு. முதல் இதழே 1 லட்சத்துக்கு மேல் போனது.

அருண்: லான்டெர்ன் என்றால் விளக்குத்தானே? அதில் என்ன வில்லங்கம்?

சேகர் மாமா: அட்டையில் விளக்கோடு ஒரு கயிறும் இருக்கும். புரட்சிக் காலத்தில் தெருவிளக்குக் கம்பத்தில்தான் ஆளைத் தொங்க விடுவார்கள். பார்க்கிறவனுக்குப் புரியும்.

அருண்: ஓ. சரி சரி.

சேகர் மாமா: முதல் இதழின் முதல் வரி இன்றைக்கும் பிரபலம். "பிரான்சில் 3 கோடியே 60 லட்சம் சுஜே இருக்கிறார்கள் என்று அரசாங்கப் பஞ்சாங்கம் சொல்கிறது. அதிருப்திக்கான சுஜே அதில் சேர்த்தி இல்லை." சுஜே என்றால் மன்னனின் குடிமகன், விஷயம் என்றும் பொருள். ஒரே சொல்லில் இரண்டு அடி.

அருண்: தமிழில் சொன்னால்தானே மாமா சிரிக்க முடியும்.

சேகர் மாமா: இரு. "நாட்டில் 3 கோடியே 60 லட்சம் குடிகள். குடிகெடுக்கும் குறைகள் தனி."

அருண்: …

மீனா: மாமா, வேண்டாம்.

சேகர் மாமா: சரி, அது நிற்கவில்லை. இதைக் கேள். அதே இதழில் எழுதுகிறார்: "நான் தீவிரமான போனபார்ட் பக்தன். எனக்குப் பிடித்த அரசர் இரண்டாம் நெப்போலியன். அவர் அரியணையில் இருந்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் இப்போது இருப்பவர் தம்மை மூன்றாம் நெப்போலியன் என்கிறார். ஆகா, என்ன ஆட்சி! வரி இல்லை, வீண் போர் இல்லை." வார்த்தைக்கு வார்த்தை இல்லை, சாரம் இதுதான்.

கவின்: புரியவில்லை தாத்தா. இரண்டாம் நெப்போலியன் நல்லவரா?

சேகர் மாமா: ஆட்சியே செய்யவில்லையடா! முதல் நெப்போலியனின் மகன். வியன்னாவில் வளர்ந்து, 1832-ல் 21 வயதில் செத்துப்போனவர். ஆளாத அரசன்தான் ஆகச் சிறந்த அரசன் என்கிறார். எந்தச் சட்டத்தை வைத்து வழக்குப் போடுவாய்? அரசரின் குடும்பத்தைப் புகழ்ந்துதானே எழுதியிருக்கிறார்.

அருண்: இது சூப்பர். இது நம் ஊர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு வராது.

மீனா: வரும், ஆனால் ஜாமீன் கிடைக்காது.

சேகர் மாமா: அவருக்கும் கிடைக்கவில்லை. ஆகஸ்டிலேயே இதழைப் பறிமுதல் செய்து தண்டனையும் போட்டார்கள். ஆள் பெல்ஜியத்துக்கு ஓடிவிட்டார். பிரஸ்ஸல்ஸில் எழுத்தாளர் விக்தோர் யூகோவின் குடும்பத்தோடு தங்கினார். அங்கே அச்சடித்து எல்லை தாண்டிக் கடத்தினார்கள். மூன்றாம் நெப்போலியனின் சுண்ணாம்புச் சிலைக்குள் ஒளித்து அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு.

அருண்: அவர் தலைக்குள்ளேயே அவரைத் திட்டும் இதழா! கவின், இதை எழுதிக்கொள்.

கவின்: எழுதிவிட்டேன் மாமா.

மீனா: கதை உண்டு என்றுதான் தாத்தா சொன்னார். எக்ஸ்போசேயிலும் அப்படியே சொல்லு.

சேகர் மாமா: 1869-ல் பாரிஸின் பெல்வில் பகுதித் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். உடனே "லா மார்செயேஸ்" என்று அடுத்த பத்திரிகை. அரசரின் ஒன்றுவிட்ட சகோதரன் பியர் போனபார்ட் என்று ஒரு முரடன் இவரை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்குக் கூப்பிட்டான். அதே சச்சரவில் இன்னொரு பக்கம், பாஸ்கல் குரூசே என்ற பத்திரிகையாளரும் அவனைச் சண்டைக்கு அழைத்து ஆள் அனுப்பினார். போனவர்களில் ஒருவன் விக்தோர் நுவார், 21 வயது. 1870 ஜனவரி 10. பேசப் போன பையனைச் சுட்டுக் கொன்றுவிட்டான்.

மீனா: வழக்கு நடந்தது. அரச குடும்பத்து ஆள் விடுதலை ஆகிவிட்டான்.

சேகர் மாமா: ஒரு போனபார்ட் கொலைகாரனாக இல்லாமலும் இருக்கலாம் என்று நம்பிய பலவீனம் எனக்கு இருந்தது என்று இவர் எழுதினார். அதற்கு ஆறு மாதச் சிறை. சவ ஊர்வலத்துக்கு, பாரிஸை ஒட்டிய நுய்யியில், 1 லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். பாரிஸுக்குள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம், இன்றே புரட்சி என்று ஒரு கூட்டம் கத்தியது. வழியில் துப்பாக்கியோடு பட்டாளம். ரோஷ்ஃபோர்தான் வேண்டாம் என்று தடுத்தார். அன்றைக்கு எத்தனை உயிர் பிழைத்ததோ. மீனா, இதை மறக்காதே.

கவின்: அந்த விக்தோர் நுவார் கல்லறை பாரிஸின் பெர் லாஷேஸ் இடுகாட்டில் இருக்கிறது தாத்தா. வெண்கலச் சிலை. அதை ஏன் எல்லோரும் தொட்டுத் தொட்டு ஒரு இடம் மட்டும் பளபள என்று...

அருண்: கவின்!!

மீனா: அது அப்புறம். குழுவில் பாட்டி இருக்கிறார்கள்.

சரோஜா பெரியம்மா: நான் ஒன்றும் பார்க்கவில்லை. புளி ஊற வைத்திருக்கிறேன்.

சேகர் மாமா: கம்யூன் காலத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1870 செப்டம்பர் 4-ல் பேரரசு விழுந்ததும் கூட்டம் இவரைச் சிறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து அரசாங்கத்திலேயே உட்கார வைத்தது. இரண்டு மாதம் தாங்கவில்லை, வெளியே வந்துவிட்டார். 1871-ல் பாரிஸ் மக்கள் கிளர்ந்து தாங்களே அமைத்த ஆட்சிதான் கம்யூன். அதில் அவர் உறுப்பினர்கூட இல்லை. ஆனால் அவர் பத்திரிகை இருந்தது. மே மாதம் பாரிஸை விட்டுக் கிளம்பியவரை மோ என்ற ஊரில் பிடித்தார்கள். பசிபிக் கடலில் பிரான்சின் தீவான நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1873-ல் "விர்ஜினி" கப்பலில் நாலு மாதப் பயணம். அதே கப்பலில்தான் கம்யூனில் போராடிய லூயிஸ் மிஷேல் என்ற அம்மாளும் போனார். ரோஷ்ஃபோருக்கு வழியெல்லாம் வாந்தி.

கவின்: அப்போதுதான் இந்தப் படகா?

சேகர் மாமா: அதேதான். 1874 மார்ச். ரோஷ்ஃபோர், குரூசே, ஒலிவியே பேன் மூன்று பேரும் அந்தத் தீவின் ஒரு தீபகற்பத்தில் அடைபட்டிருந்தவர்கள். ராத்திரியில் கடலில் இறங்கி நீந்தி ஒரு பாறையில் ஏறிக் காத்திருந்தார்கள். நூமேயா ஊருக்குள் வேலை செய்த மூன்று கைதிகள், ஜூர்து, பாலியேர், கிராந்தீல், படகோடு வந்து ஏற்றிக்கொண்டார்கள். மொத்தம் ஆறு பேர். துறைமுகத்தில் கிளம்பத் தயாராக நின்ற ஆங்கிலேயரின் நிலக்கரிக் கப்பலில் ஏறி ஆஸ்திரேலியாவில் நியூகாசிலில் இறங்கினார்கள். அங்கிருந்து பாரிஸ் நண்பர்களுக்குத் தந்தி: பணம் அனுப்பு.

அருண்: சுறா இல்லையா அந்தக் கடலில்?

சேகர் மாமா: உண்டு. அதனால்தான் காவலும் லேசாக இருந்தது.

மீனா: இதோடு நிறுத்தினால் நல்ல சினிமா மாமா. தப்பித்தவர்கள் தப்பித்துவிட்டார்கள். மிச்சம் இருந்த கைதிகளுக்கு அதற்கப்புறம் கெடுபிடி பல மடங்கு ஆனது. லூயிஸ் மிஷேல் 1880 பொதுமன்னிப்பு வரைக்கும் அங்கேயேதான் இருந்தார். அந்தத் தீவின் பூர்வகுடிகளான கனாக் மக்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1878-ல் அவர்கள் கிளர்ந்தபோது அவர்கள் பக்கம் நின்றார்.

சேகர் மாமா: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிற்பாடு அந்த அம்மாளுக்குப் பல வருடம் பணம் அனுப்பியவர் ரோஷ்ஃபோர். அதையும் சொல்.

மீனா: சொல்கிறேன். இனி மிச்சத்தை நான் சொல்லவா? நீங்கள் 1880-ல் பாரிஸின் லியோன் ரயில் நிலையத்தில் ஜனக்கூட்டம் அவரைத் தோளில் தூக்கியதோடு முடித்துவிடுவீர்கள். எனக்குத் தெரியும்.

சேகர் மாமா: சொல்லு.

மீனா: வந்த கையோடு "லான்ட்ரான்சிஜான்" நாளிதழ். அப்புறம் பூலாஞ்சே என்ற தளபதி குதிரையில் வந்ததும் அவர் பின்னால் போனார். நாடாளுமன்றத்தைத் தூக்கி எறியப்போகிற வீரர் என்று. 1889-ல் இரண்டு பேருக்கும் தண்டனை. தளபதி 1891-ல் பெல்ஜியத்தில் காதலியின் கல்லறையில் சுட்டுக்கொண்டார். இவர் லண்டனில் ஓவியம் வாங்கிக்கொண்டும் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டும் ஆறு வருடம்.

மீனா: இதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் திரேஃபுஸ் விவகாரம். செய்யாத குற்றத்துக்கு யூதர் என்பதாலேயே சிக்கவைக்கப்பட்ட கேப்டன். அவரையும் ஒரு தீவில்தான் அடைத்தார்கள், சாத்தான் தீவு. தீவுச் சிறை எப்படி இருக்கும் என்று பாரிஸில் வேறு எந்தப் பத்திரிகை ஆசிரியரையும்விட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அருண்: ஐயோ.

மீனா: அவர்தான் தினமும் திட்டினார். ஜெர்மன் பேரரசரே திரேஃபுஸைப் பற்றி எழுதிய ரகசியக் கடிதங்கள் இருக்கின்றன என்று 1897 டிசம்பரில் அவர் பத்திரிகையில் வந்தது. சுத்தப் புளுகு. நாவலாசிரியர் எமில் சொலா 1898-ல் திரேஃபுஸுக்கு ஆதரவாக எழுதியதும் சொலாவுக்கும் வசவு. வழக்கை மறுபடி விசாரிக்க முன்வந்த நீதிபதிகளின் கண்ணிமையை வெட்டி, கண்ணில் சிலந்தியை விட்டுக் கட்ட வேண்டும் என்று எழுதினார். விளையாட்டாக அல்ல.

சரோஜா பெரியம்மா: சீ. படித்தவன் எழுதுகிற எழுத்தா இது.

மீனா: பாரிஸின் பதினேழாம் வட்டாரத்தில் அவர் பெயரில் இன்னும் ஒரு தெரு இருக்கிறது பெரியம்மா. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு எரியும்.

சேகர் மாமா: மீனா, அந்தப் பகுதியை நான் தாங்கிப் பேசமாட்டேன். ஆனால் கடைசியில் கெட்டுப்போனார் என்பதற்காக முன்பு எழுதியது பொய்யாகிவிடுமா?

மீனா: கெட்டுப்போகவில்லை மாமா, அதுதான் என் வாதமே. ஆரம்பத்திலிருந்து அதே பேனா, அதே நக்கல், அதே வசவு. பேரரசனை அடித்தபோது நமக்கு இனித்தது. தீவில் தனியாகக் கிடந்தவனை அடித்தபோதுதான் அதன் பல் தெரிந்தது. கூட்டம் எந்தப் பக்கம் கை தட்டுமோ அந்தப் பக்கம் வீசிக்கொண்டே இருந்தார்.

சேகர் மாமா: நுவார் சவ ஊர்வலத்தில் கூட்டத்தை எதிர்த்து நின்றாரே?

மீனா: அன்றைக்கு நின்றார்.

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை)

கவின்: அம்மா, தாத்தா, நான் இப்போது தேடிப் பார்த்தேன். அந்தக் குரூசே, அதே படகில் இருந்தவர், பிற்பாடு எம்.பி. ஆகியிருக்கிறார். திரேஃபுஸுக்கு ஆதரவாகப் புத்தகமே எழுதியிருக்கிறார்!

சேகர் மாமா: அடே! ஆமாம். ஒரே பாறையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்.

கவின்: இன்னொன்று. ரோஷ்ஃபோர் பாரிஸ் திரும்பியது 1880 ஜூலை 12. திரேஃபுஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது 1906 ஜூலை 12.

அருண்: அதைப் படிக்க இவர் உயிரோடு இருந்தாரா?

சேகர் மாமா: இருந்தார். 1913-ல்தான் எக்ஸ்-லே-பேனில் இறந்தார்.

மீனா: மானே கொடுத்துவைத்தவர். 1883-லேயே போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் படகில் வந்த ரோஷ்ஃபோர்தான்.

கவின்: அப்படியென்றால் நான் படத்திலிருந்தே தொடங்குகிறேன். ஆறு பேர், யார் யாரென்று தெரியவில்லை என்று. குரூசே எங்கே உட்கார்ந்திருக்கிறார் தாத்தா?

சேகர் மாமா: ஓர்சே படத்தில் கண்டுபிடிக்க முடியாது. சூரிக்கில் இதே காட்சியை மானே பெரிதாக வரைந்தது இருக்கிறது. அதில் படகு கிட்டத்தில். சுக்கான் பிடித்திருப்பவர் ரோஷ்ஃபோர், அந்தத் தலைமுடிச் சிலுப்பலை வைத்தே தெரியும்.

கவின்: எனக்கு ஓர்சே படமே போதும். பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். பூலாஞ்சேயை வெட்டிவிடலாமா?

மீனா: ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போ. திரேஃபுஸை வெட்டினால் வீட்டுக்கு வராதே.

சேகர் மாமா: இரண்டாம் நெப்போலியனை வெட்டினால் புதுச்சேரிக்கு வராதே.

சரோஜா பெரியம்மா: சேகர், அந்த முதல் வரிக்குத் தமிழ் கேட்டார்களே.

சேகர் மாமா: ஆமாம் அக்கா, சரியாக வரவில்லை.

சரோஜா பெரியம்மா: "நாட்டில் 3 கோடியே 60 லட்சம் பிரஜைகள். பிரச்சினைகளைத் தனியாக எண்ணிக்கொள்ளவும்."

அருண்: பெரியம்மா!!!!

மீனா: மாமா, முப்பது வருடம் பிரெஞ்சு வாத்தியார் நீங்களா, பெரியம்மாவா?

சேகர் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரோஜா பெரியம்மா: குழம்பு கொதிக்கிறது, வருகிறேன்.