பள்ளி டேப்பும் அப்பத்தா போனும்: பல கை மாறும் கருவிக்கு எப்படிப் பூட்டுப் போடுவது?

பள்ளத்தூர் டீச்சர் கேட்டது:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. 8 ஆண்ட்ராய்டு டேப், ஒரு லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர், ஒரே ஒரு ஃபைபர் இணைப்பு. 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் மாறி மாறி இதே டேப்களைத்தான் எடுப்பார்கள். வீட்டிலும் பாதிப் பேருக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. அப்பா, அம்மா சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பார்கள். பிள்ளை கையில் இருப்பது அப்பத்தா போன்.

படிக்கும் குறிப்புகளெல்லாம் "பிள்ளையின் போனில் ஃபேமிலி லிங்க் போடுங்கள்" (பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த கூகுள் தரும் ஆப்) என்றுதான் சொல்கின்றன. ஒரு பிள்ளைக்கு ஒரு போன் இருந்தால் அது சரி. பத்துப் பேர் கை மாறும் கருவிக்கு என்ன செய்வது? ரூட்டரில் ஏதோ எண் மாற்றினால் போதும் என்கிறார்களே, அது உண்மையா? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது பற்றியும் சொல்லுங்கள்.

தேவகோட்டை லேப் எழுதியது:

டீச்சர், ரூட்டரில் எண் மாற்றுவது உண்மைதான், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஆனால் போதாது. எங்கே ஓட்டை விழும் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான ரூட்டர்களில் அமைப்புப் பக்கம் திறக்கும். முகவரி மாறியிருந்தால் ரூட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும். அங்கே லேன் பகுதியில் டிஹெச்சிபி (கருவிகளுக்கு இணைப்பு விவரம் கொடுக்கும் பகுதி) என்ற இடத்தில் டிஎன்எஸ் எண் இரண்டு கேட்கும். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரியைச் சொல்லும் சேவை. முதலாவதில் 185.228.168.168, இரண்டாவதில் 185.228.169.168 போடுங்கள். இது கிளீன்பிரவுசிங் நிறுவனம் இலவசமாகத் தரும் குடும்ப வடிகட்டி. ஆபாசத் தளங்களையும், வடிகட்டியைச் சுற்றிப் போக உதவும் ப்ராக்ஸி தளங்களையும் தடுக்கும். கூகுள், யூடியூப் இரண்டையும் பாதுகாப்புத் தேடலில் நிறுத்திவிடும். சேமித்துவிட்டு ரூட்டரை அணைத்துப் போடுங்கள், டேப்களின் வைஃபையையும் ஒருமுறை துண்டித்து இணையுங்கள்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, முதலாவதில் வடிகட்டி எண்ணும் இரண்டாவதில் "எதற்கும் இருக்கட்டும்" என்று 8.8.8.8ம் (கூகுளின் வடிகட்டாத டிஎன்எஸ்) போடுவது. முதலாவது கெட்டால்தான் கருவி இரண்டாவதற்குப் போகும் என்பது தப்புக்கணக்கு. எதை வேண்டுமானாலும் கேட்கும். ஒரு தளம் ஒரு நேரம் அடைபடும், மறுநேரம் திறக்கும், ஏனென்று புரியாமல் மண்டை காயும். ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான், அதை ரூட்டரில் நிறுத்திவிடுங்கள். இணைப்புக் கம்பெனி கொடுத்த பெட்டியில் டிஎன்எஸ் கட்டமே பூட்டியிருந்தால், அதன் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றை மாட்டி அதில் போட வேண்டியதுதான்.

சரிபார்க்க எளிய வழி: டேப்பில் கூகுளின் சேஃப்சர்ச் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். மேல் மூலையில் பூட்டுப் படம் தெரிந்தால் நெட்வொர்க் பூட்டியிருக்கிறது என்று பொருள். பூட்டு இல்லையென்றால் எங்கோ கசிகிறது.

இனி பெரிய ஓட்டை. கரண்ட் போகும், ரூட்டர் அணையும், பாடம் நிற்கக்கூடாதே என்று ஆசிரியர் தன் போன் ஹாட்ஸ்பாட்டைப் போடுவார். அந்த நொடியே வடிகட்டி காலி, ஏனென்றால் அது ரூட்டரில்தான் இருந்தது. இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, ரூட்டருக்கு மினி யுபிஎஸ். வாங்குமுன் அடாப்டர் லேபிளில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்குமே கரண்ட் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துப் பயனில்லை. இன்னொன்று, டேப்பிலேயே ப்ரைவேட் டிஎன்எஸ் போடுவது. ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி உண்டு. அங்கே எண் ஏற்காது, வடிகட்டி நிறுவனம் ஆண்ட்ராய்டுக்கென்று தரும் முழுப் பெயரை அடிக்க வேண்டும். அதன்பின் எந்த இணைப்பில் போனாலும் வடிகட்டி கூடவே வரும்.

இவ்வளவு செய்தாலும் டிஎன்எஸ் பார்ப்பது தளத்தின் பெயரை மட்டுமே. வாட்ஸ்அப்பில் வரும் படத்தையோ இன்ஸ்டாகிராம் ரீலில் ஓடுவதையோ அதனால் பார்க்க முடியாது.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

லேப் சார் சொன்னது பள்ளிக்குச் சரி. நம்மூர் வீட்டில் வேறு சிக்கல். ரூட்டர் முகப்பில் இருக்கும், பிள்ளை இரண்டாம் கட்டு அறையில் உட்கார்ந்திருக்கும். நடுவில் வளவும் (வீட்டு முற்றம்) நாலைந்து கனத்த சுவரும். சிக்னல் போய்ச் சேராது, போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும், ரூட்டரில் போட்ட பூட்டு முகப்போடு நின்றுவிடும். முகப்பிலிருந்து லேன் கம்பி இழுத்து உள்ளே இன்னொரு பெட்டி வையுங்கள். அதை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வைத்தால் முதல் ரூட்டரின் டிஎன்எஸ்ஸே வரும். ரூட்டர் முறையில் விட்டால் அதிலும் அதே எண்கள் வருகின்றனவா என்று பார்த்து, வராவிட்டால் தனியாகப் போட வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இனி அப்பத்தா போன். டீச்சர் கேட்டது நியாயமான கேள்வி. ஃபேமிலி லிங்க் பிள்ளையின் கணக்கு ஓடும் கருவியில்தான் வேலை செய்யும். அப்பத்தா கணக்கில் ஓடும் போனுக்கு அது ஆகாது. அங்கே செய்ய வேண்டியது ஆப் பின்னிங். அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். அதை இயக்கி, "விடுவிக்கும்முன் பின் எண் கேள்" என்பதையும் இயக்குங்கள். பிறகு பிள்ளைக்குத் தேவையான ஆப்பைத் திறந்து, சமீபத்திய ஆப்கள் திரையில் அதன் சின்னத்தைத் தொட்டு, வரும் பட்டியலில் 'பின்' (Pin) என்பதை அழுத்தினால் அந்த ஆப்பை விட்டு வெளியே போக முடியாது. போனுக்கே பூட்டு இல்லாவிட்டால் இதனால் பலனில்லை. அப்பத்தா கோலம் போல ஒரு பேட்டர்ன் வைத்து, அதைப் பேரனிடமே போடச் சொல்லும் வீடுகள்தான் அதிகம். ஆறு இலக்க எண்ணாக மாற்றுங்கள். சாம்சங் போன் என்றால் சாம்சங் கிட்ஸ் என்ற தனிப் பகுதியே உள்ளது, அது இன்னும் எளிது.

சின்னப் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் பெற்றோர் பூட்டு முதலில் ஒரு பெருக்கல் கணக்கைத்தான் கேட்கும். ஏழாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை இரண்டு நொடியில் திறந்துவிடும். (கணக்கு டீச்சருக்கு வேண்டுமானால் சந்தோஷமாக இருக்கும்.) சொந்தக் கடவு எண் வைத்து, "அங்கீகரித்தவை மட்டும்" என்ற முறையில் விடுங்கள், தேடல் பெட்டியே வராது.

பணம்தான் இன்னும் முக்கியம். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் உறுதிப்படுத்தல் கேட்கும்படி வையுங்கள். யுபிஐ பின் தெரியாதே, பிறகென்ன பயம் என்று இருக்காதீர்கள். யுபிஐ லைட் இயங்கினால் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே போகும், அதன் கணக்கில் 5,000 வரை இருப்பு வைக்கலாம். பிள்ளை கைக்குப் போகும் போனில் யுபிஐ லைட்டை மூடிவிடுவதே நல்லது.

கோட்டையூரான் எழுதியது:

இவ்வளவு பூட்டு எதற்கு? தீக்‌ஷா என்ற அரசின் பாட ஆப்பில் பாடத்தை முதல்நாளே இறக்கி வைத்துவிட்டு, வகுப்பில் டேப்பை ஃபிளைட் மோடில் கொடுத்தால் முடிந்தது. உள்நுழையாமலே பார்க்கலாம். பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் குறியீடு எல்லாம் அங்கேதான் போகிறது. தேடிப் படிக்க வேண்டிய பாடத்துக்கு மட்டும் இணையத்தைத் திறங்கள்.

தேவகோட்டை லேப் எழுதியது:

கோட்டையூர் அண்ணே சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், முக்கால்வாசி வகுப்புக்கு அது போதும். ஆனால் தேடக் கற்றுக்கொடுப்பதும் பாடம்தானே. அந்த நாளில் டேப்பில் யார் கணக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆசிரியரின் சொந்த ஜிமெயிலைப் போட்டால் அவருடைய போட்டோ, தொடர்புகள், சேமித்த கடவுச்சொல் எல்லாம் எட்டு டேப்பிலும் வந்து உட்காரும். பள்ளிக்கென்று ஒரு கணக்கு திறங்கள். பிள்ளைகளை குரோமில் மறைநிலைத் (இன்காக்னிட்டோ) தாவலில் தேடச் சொல்லுங்கள், மூடியதும் உள்நுழைவும் வரலாறும் போய்விடும். நெட்வொர்க் வடிகட்டி அதிலும் வேலை செய்யும்.

ப்ரொஜெக்டருக்கு ஒரு சொல். விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானோடு பி அழுத்தி "நீட்டிப்பு" முறையைத் தேர்ந்தெடுங்கள். நகல் முறையில் விட்டால் ஆசிரியர் தேடல் பெட்டியில் ஓர் எழுத்து அடித்ததும் வரும் பரிந்துரைகளை வகுப்பே வாசிக்கும். வாட்ஸ்அப் வெப்பை மூடிவிடுங்கள். யூடியூபின் கட்டுப்பாட்டு முறை அந்தந்த பிரவுசருக்கு மட்டுமே. குரோமில் போட்டது எட்ஜில் வராது. போட்டால் கருத்துகளும் மறைந்துவிடும், அது கூடுதல் லாபம்.

புதுவயல் வாசகி எழுதியது:

வாட்ஸ்அப் பற்றி யாரும் சொல்லவில்லையே, டீச்சர் கேட்டிருந்தாரே. சாதாரணக் குழுவில் எல்லாப் பெற்றோரின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். கம்யூனிட்டி தொடங்கி அதன் அறிவிப்புக் குழுவைப் பயன்படுத்தினால் உறுப்பினர் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அறிவிப்பை நிர்வாகி மட்டுமே போட முடியும். இரவு பத்து மணிக்கு "குட்நைட்" படமும் வராது.

படம் போடும்போது முகம், பெயர், வகுப்பு, பள்ளிப் பட்டை நான்கும் ஒரே படத்தில் சேரக்கூடாது. பரிசு வாங்கும் பிள்ளையின் சான்றிதழை நெருக்கமாக எடுத்துப் போடுவதுதான் வழக்கமான தப்பு. கேமராவில் இருப்பிடக் குறியை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறி நீங்கிவிடும், தரம் குறையக்கூடாதென்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைதான். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரிடம் குரல் செய்தி வாங்கிக்கொண்டு நிறுத்தாதீர்கள், தாளில் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று: ஒரு பிள்ளையின் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பள்ளி முதலில் என்ன செய்ய வேண்டும்?

புதுவயல் வாசகி எழுதியது:

முதலில், இரு வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசித் தீர்க்காதீர்கள். பாலியல் தொடர்பானது என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும்) சட்டப் பிரிவு 19படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் பிரிவு 21படி 6 மாதம் வரை சிறை, தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. "ஊருக்குள் பெயர் கெடும்" என்று சமாதானம் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் அடையாளத்தைச் சட்டமே காக்கிறது, ஊடகத்தில் வெளியிடுவது குற்றம்.

பணம் கொடுக்கச் சொல்லாதீர்கள், உரையாடலை அழிக்கவும் விடாதீர்கள். மிரட்டுபவரின் எண், கணக்குப் பெயர், பக்க முகவரி, தேதி, நேரம் தெரியும்படி திரைப்பிடி (ஸ்கிரீன்ஷாட்) எடுங்கள். மிரட்டப் பயன்படும் பிள்ளையின் படத்தை மட்டும் "சாட்சிக்கு" என்று தலைமையாசிரியருக்கோ குழுவுக்கோ அனுப்பக் கூடாது. பாலியல் படம் என்றால் அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம், முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. படம் பிள்ளையின் போனிலேயே இருக்கட்டும், போனோடு காவல் நிலையம் போகலாம்.

குழந்தைகள் உதவி எண் 1098. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, தாமதமானால் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு குறையும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417ஐயும் கரும்பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள்.

படம் பரவுவதைத் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவக் கைரேகை மட்டும் போகும், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அதனால் பிடிக்க முடியாது. படத்தை வெட்டினாலோ நிறம் மாற்றினாலோ கைரேகை மாறிவிடலாம், அதனால் எத்தனை வடிவம் கையில் இருக்கிறதோ அத்தனையையும் பதியச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

ஒரே ஒரு திருத்தம். 1098, 1930 இரண்டையும் கரும்பலகையோடு நிறுத்தாமல் அப்பத்தா போனிலும் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள், தமிழிலேயே. அப்புறம், வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள் டீச்சர். நோட்டில் எழுதி விட்டால் சாயங்காலம் போனைக் கேட்கக் காரணமே இருக்காது.