ஆச்சியின் பல்செட்டும் உமிக்கரியும்

செங்கோட்டை, புளியரைப் பக்கத்து உறவுகளே, ஒரு யோசனை வேண்டும். 78 வயதாகும் எங்கள் ஆச்சிக்குக் கேரளத்துப் புனலூரில் பல்செட் கட்டி எட்டு மாதம் ஆகிறது. கூடவே தந்த குறிப்புச் சீட்டு முழுக்க மலையாளம். சாமி படத்துக்குப் பின்னால் செருகியபடியே கிடக்கிறது. ஆச்சியோ உமிக்கரியும் உப்பும் வைத்துத் தேய்க்கிறார். வெற்றிலைக் கறை போகவில்லை, பல்செட்தான் கீறல் விழுந்து சொரசொரத்துவிட்டது. போன வாரம் கொதிக்கும் வெந்நீரில் வேறு போட்டுவிட்டார். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் அல்லவா, வளைந்திருக்க வேண்டும். சோறு மெல்லும்போது ஆடுகிறது.

இரவில் கழற்றுவதே இல்லை. "திருடன் வந்தால் பொக்கை வாயோடா கத்துவேன்?" என்கிறார். அண்ணம் சிவந்திருக்கிறது. பூஞ்சைத் தொற்றோ என்று பயந்து திங்கட்கிழமை மருத்துவரிடம் காட்டப் போகிறோம்.

மெல்லிய பிரஷ், மென்மையான சோப்பு, இரவில் பச்சைத் தண்ணீரில் ஊறல் என்பதுவரை எனக்குத் தெரியும். பற்பசையும் பல்செட்டைக் கீறும் என்பதால் நிறுத்திவிட்டோம். ஊறவைக்கும் மாத்திரை தென்காசியில் எந்தக் கடையில் கிடைக்கும்? அந்தச் சீட்டை யாராவது தமிழில் எழுதித் தர முடியுமா? பிடிவாதக்காரப் பெரியவர்களை இரவில் கழற்றவைத்தவர்கள் இருந்தால், எப்படி என்று சொல்லுங்கள். என் பேச்சு ஆச்சியிடம் எடுபடவில்லை.