கிராஃப்ட் பியர்: கைவினையும் வேண்டாம், வடியும் வேண்டாம்

அண்ணை, எங்கட கலைச்சொல் பட்டியல்ல கிராஃப்ட் பியருக்குத் தமிழா நீங்கள் போட்ட கைவினை பியர் எண்ட சொல் எனக்கு ஒட்டேல்ல. எங்கட கிளிநொச்சிப் பக்கம் கைவினை எண்டா பனையோலைப் பெட்டியும் கடகமும் தான் கண்ணுக்குள்ள வரும், ஆனா அமெரிக்காக்காரர் கிராஃப்ட் எண்டு சொல்லேக்க கைவேலையப் பற்றிப் பேச்சே இல்ல. அங்கத்தைய பியர் ஆலைக்காரரின்ர சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேசன்ர வரைவிலக்கணத்தில ஒரு கிராஃப்ட் ஆலை வருசத்துக்கு 60 லட்சம் பரல் வரைக்கும் போகலாம், ஒரு பரல் 117 லீற்றர், பெருக்கிப் பாருங்கோ 70 கோடி லீற்றர் வரும், அப்ப சிற்றாலை பியர் எண்டும் வைக்கேலாது. சிற்றாலைய மைக்ரோப்ரூவரிக்கு விடுவம், அது 15,000 பரலுக்குள்ள.

மற்ற நிபந்தனை தான் உயிர்: கிராஃப்ட் இல்லாத மதுக் கொம்பனிக்கு 25 வீதத்துக்குக் குறைவான பங்கு தான் இருக்கலாம். 2011ல சிக்காகோவில இருக்கிற கூஸ் ஐலண்ட் பியர் ஆலையை ஆன்ஹைசர் புஷ் எண்ட பெரிய பியர் கொம்பனி வாங்கினதோட அது கிராஃப்ட் கணக்கில இருந்து வெளியில போயிட்டுது.

அதால, பெரிய கொம்பனியோட கலக்காதது எண்ட கருத்தில "தனி" எண்டது சொல்லுக்குள்ள வரோணும். எங்கட பெரியப்பா மரத்தால இறங்கினா எல்லாக் கள்ளு முட்டியையும் ஒரே கானுக்குள்ள ஊத்தித் தவறணைக்கு அனுப்புவார், கிணத்தடிப் பனையின்ர முட்டிய மட்டும் கலக்க விடமாட்டார், அது தனிப்பனைக் கள்ளு, நுரை அடங்க முதலே ஆக்கள் பனையோலைப் பிளாவோட வந்து நிப்பினம்.

கைவினைக்குப் பதிலா தம்பி எழுதின "தனிவடி"யில தனி எண்ட பாதி சரி. ஆனா கள்ளு இறக்கிறது, சாராயம் வடிக்கிறது, பியர் ரெண்டுமில்ல, முளைகட்டின பார்லிய சுடுதண்ணியில ஊறவைச்சு அந்தச் சாறை ஹொப்ஸ் எண்ட கசப்புப் பூ போட்டுக் கொதிக்கவைச்சு ஆறவிட்டுத் தான் ஈஸ்ட் போடுறது, அடுப்பேறுற சாமான். அதுக்கு அடு எண்ட வினை எங்களிட்ட இருக்கு, அடுப்பிலயும் அடுக்களையிலயும் இண்டைக்கும் கிடக்கு, பெரும்பாணாற்றுப்படையில வீட்டில ஆக்கின தோப்பி எண்ட நெல்லுக் கள்ள இல்லடு கள் எண்டு தான் சொல்லுது, எவ்வளவு வடிவான சொல்!

என்ர முடிவு தனியடு பியர். தனியாலை எண்டு வைச்சா தனியார் ஆலை எண்டு மயங்கும். வீட்டில ஆக்கிறதுக்கு இல்லடு பியர் எண்டு அப்பிடியே எடுப்பம். அதோட அண்ணை, பட்டியல்ல பியர் ஆக்கிற ப்ரூவரிக்கு வடிசாலை எண்டு கிடக்கு, அது சாராயம் வடிக்கிற டிஸ்டிலரி, அத முதல்ல மாத்திவிடுங்கோ.