ஒய் எல்லையைக் குறைத்தால் கோடு ஏன் நடுவில் அறுந்துபோகிறது?

கேள்வி – மழைக்கணக்கு (ரீயூனியன்)

வணக்கம். இத்தீவின் கொமர்சோன் எரிமலைவாயில் பதிவான மழைத் தரவை ஆர் நிரல்மொழியில் ஜிஜிபிளாட்2 என்ற வரைபடத் தொகுப்பைக் கொண்டு வரைந்துவருகிறேன். ஒவ்வொரு நாளுக்கும், அந்நாளோடு முடியும் மூன்று நாள் மழையின் கூட்டுத்தொகையைப் புள்ளியாக இடுகிறேன். 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது அத்தொகை 3,930 மி.மீ. ஆகிவிட்டதால், மற்ற நாள்களின் ஏற்ற இறக்கமெல்லாம் அடியில் ஒட்டிய தடிப்பாகவே தெரிகிறது. ஆகவே 'ஒய்லிம்(0, 500)' என்று எல்லை வகுத்தேன். கோடு மேல்விளிம்பு வரை ஏறி மறையும் என எதிர்பார்த்தால், 500-க்கு முன்பே நின்று, சில நாள்கள் தள்ளி மீண்டும் தொடங்குகிறது. பொதுப்போக்கைக் காட்ட மேலிட்ட சீராக்கக் கோடும் தாழ்ந்துவிட்டது. தரவைத் தொடாமல் பார்வையை மட்டும் சுருக்க முடியுமா?

பதில் – ரோஸ்ஹில்வாசி (மொரீஷியஸ்)

முடியும். 'ஒய்லிம்' அளவுகோலுக்கே எல்லை வகுப்பதால், அதற்கு அப்பால் உள்ள மதிப்புகள் வரையத் தொடங்குமுன்பே விடுபட்ட மதிப்புகளாகிவிடுகின்றன. புயல் நாள்களே இல்லாத தரவில் கணக்கிட்டதால்தான் சீராக்கக் கோடு தாழ்ந்தது. கோடு அறுந்ததைவிட இதுவே பெரிய ஆபத்து, ஏனெனில் கண்ணுக்கு எளிதில் படாது. 'கோஆர்ட்_கார்ட்டீசியன்(ஒய்லிம் = சி(0, 500))' என்று எழுதுங்கள். கணக்கு முழுத் தரவிலும் நடக்கும், படம் மட்டுமே வெட்டப்படும்.

மழைக்கணக்கு

நன்றி ஐயா, கோடு இப்போது விளிம்பு வரை ஏறுகிறது. கீழே வெற்றிடம் வேண்டாமென 'எக்ஸ்பேண்ட் = ஃபால்ஸ்' சேர்த்தேன்; மழையில்லா நாள்களின் கோடு பாதித் தடிப்பே தெரிகிறது. வரைபரப்புக்கு வெளியே போவதை வெட்டாமல் விடும் 'கிளிப் = "ஆஃப்"' கொடுக்கலாமா?

பதில் – டர்பன் தமிழன்

கொடுத்தால் பூச்சியக் கோடு முழுமையாகத் தெரியும். ஆனால் புயல் நாளின் கோடு தலைப்பையும் குத்திக்கொண்டு தாளின் விளிம்பு வரை போகும். 'எக்ஸ்பேண்ட் = ஃபால்ஸ்' என்பதை நீக்கிவிட்டு, 'ஸ்கேல்_ஒய்_கன்டினியூவஸ்' உள்ளே 'எக்ஸ்பேண்ட் = எக்ஸ்பேன்ஷன்(மல்ட் = சி(0.01, 0))' என்று கீழே மட்டும் சிறிது இடம் விடுங்கள்.

பைத்தான் மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் 'செட்_ஒய்லிம்' பார்வையை மட்டுமே மாற்றும், தரவை நீக்காது. விளிம்பில் வெட்டுவதா வேண்டாமா என்று சொல்லும் 'கிளிப்_ஆன்' அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியே உண்டு. ஆனால் 'செட்_ஒய்லிம்' கொடுத்ததும் அச்சின் தானியங்கு அளவீடு நின்றுவிடுவதால், எல்லாக் கோடுகளையும் வரைந்தபின் அதை அழைப்பதே நல்லது.

எதில் வரைந்தாலும், வெட்டுப்பட்ட இடத்தருகே 3,930 என்று எழுதிவையுங்கள்; இல்லாவிட்டால் உச்சம் 500 என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.