புதுப்பிப்பு: அண்ணன் கால் காயத்தை மூடியாச்சு

பைக் விபத்தில் அண்ணனுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு தெரிகிறது, தொடைத்தோலை ஒட்டினால் போதாதா என்று கேட்டிருந்தேன். போதாது. மேல்சவ்வு உரிந்த எலும்பில் ஒட்டுத்தோல் பிடிக்காது. ரத்த ஓட்டத்தோடு வரும் திசுதான் வேண்டும். முழங்காலுக்குக் கீழே என்றால் கெண்டைக்கால் தசையைத் திருப்பி மூடலாம், நடுக்காலுக்கு அதன் அடியிலுள்ள சோலியஸ் தசை. கணுக்கால்வரை அவை எட்டாது.

அதனால் சூரல் ஃபிளாப் செய்தார்கள். 1992-இல் பிரான்சின் அறுவை மருத்துவர் மாஸ்க்லே விளக்கிய பிறகு பரவிய முறை: கெண்டைக்கால் பின்புறத் தோலை, கீழ்ப்பக்க ரத்தக்குழாய்த் தொடர்பு அறுபடாமல் கீழ்நோக்கித் திருப்பி வைப்பது. ரத்தக்குழாயை வெட்டி மறுபடி இணைக்க வேண்டியதில்லை என்பதால் மைக்ரோஸ்கோப் தேவையில்லை, காலின் பெரிய ரத்தக்குழாய்களுக்கும் சேதமில்லை.

தொடக்கத்தில் திருப்பி வைத்த தோலின் ஓரம் நீலம் பாரித்துப் பயந்தே போனோம். உள்ளே வந்த ரத்தம் வெளியேறத் திணறுகிறதாம். காலை உயர்த்தி, கட்டைத் தளர்த்தியதும் நிறம் தெளிந்தது. அந்தத் தோலோடு உணர்வு நரம்பையும் எடுத்ததால் பாதத்தின் வெளிஓரம் மரத்திருக்கிறது. சிகரெட் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.