அனுபவப் பகிர்வு: பள்ளிக்கூடத்தில் கொடுத்த கண் பரிசோதனைச் சீட்டு

பெரம்பூர் அம்மா:

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. சாயங்காலம் வந்து ஒரு சீட்டை நீட்டினாள். வலது கண் 6/6, இடது கண் 6/36, கண் மருத்துவரிடம் காட்டவும் என்று எழுதியிருந்தது. 6/6 என்றால் சரியான பார்வை, கீழே உள்ள எண் கூடக் கூடப் பார்வை குறைவு என்று அர்த்தமாம். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. வீட்டில் என் மாமியாருக்கு ஊசியில் நூல் கோர்த்துத் தருவதே அவள்தான். "ஊசி கோக்குற பிள்ளைக்குக் கண்ணு தெரியலையாமா? போய் வேலையைப் பாரு" என்று அத்தை சொல்லிவிட்டார். நானும் சீட்டை பீரோவில் வைத்து மூடிவிட்டேன்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் துணி எடுக்கும்போது அந்தச் சீட்டு கீழே விழுந்தது. சரி, நாமே பார்ப்போம் என்று அவளைச் சுவரோரம் உட்கார வைத்து, வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர். "என்ன தேதி?" என்றேன். "பதினேழு" என்றாள். "என்ன கிழமை?" பதில் இல்லை. தலையைத் திருப்பி என் விரல் இடுக்கு வழியாகப் பார்க்க முயன்றாள். "கையை எடும்மா, இந்தக் கண்ணு எப்பவும் இப்படித்தான்" என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளை. எல்லோருக்கும் ஒரு கண் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1819-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. என் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்ததும் அங்கேதான். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்து, லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்து அளந்தார்கள். வலது கண் பவர் பிளஸ் ஒன்று, இடது கண் பவர் பிளஸ் நாலரை. இடது கண்ணில் நோய் எதுவும் இல்லை. பவர் வித்தியாசம் அதிகம் என்பதால் அந்தக் கண்ணிலிருந்து போகும் படம் மங்கலாகவே இருக்கிறது, அதனால் மூளை அதை எடுத்துக்கொள்வதில்லை, வலது கண்ணை வைத்தே சமாளித்துக்கொள்கிறது என்று டாக்டர் விளக்கினார். சோம்பல் கண் என்பார்களாம். பவர் பார்த்துக் கண்ணாடி கொடுத்தார்கள். சில வாரம் கழித்து, நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடி தினமும் நாலு மணி நேரம் விடச் சொன்னார்கள்.

முதல் வாரம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒட்டியதுமே அழுவாள், பிய்த்துப் போடுவாள். தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டு கால் விரலில் ரத்தம் வந்தது. நாம்தான் பிள்ளையைக் கஷ்டப்படுத்துகிறோமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

அயனாவரம் தம்பி:

அக்கா, விட்டுவிடாதீர்கள். நான் ரயில் ஓட்ட ஆசைப்பட்டவன். சின்ன வயதில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் புதுப் பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தேன். 23 வயதில் அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாவது உதவி ரயில் ஓட்டுநர், எழுத்துத் தேர்வில் பாஸ் செய்துவிட்டேன். அப்புறம் மெடிக்கல். அந்த வேலைக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6 இருக்க வேண்டும். இடது கண்ணை மூடி வாசிக்கச் சொன்னதும் என் வாய் அடைத்துக்கொண்டது. வலது கண் 6/24. கண்ணாடி போட்டாலும் ஏறவில்லை. உங்கள் மகளுக்கு இருப்பதேதான் எனக்கும்.

அதுவரை ஒரு கண்ணை மட்டும் மூடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை, என் வீட்டிலும் யாருக்கும் தோன்றியதில்லை. கிரிக்கெட்டில் கேட்ச் விடுவேன். "கவனம் இல்லாத பையன்" என்று பெயர் வாங்கியிருந்தேன். அவ்வளவுதான். இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். ஏழு வயதில் உங்கள் பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது அக்கா. அந்த ஒட்டுத்துணியைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

கணக்கு டீச்சர்:

வடசென்னையில் பல வருடம் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். 2009-இல், பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதிக்கும் அரசின் கண்ணொளி காப்போம் திட்டம் வந்த சமயத்தில்தான் முதன்முதலாக நானே பிள்ளைகளுக்குப் பார்வை பார்த்தேன். சுவரில் அட்டை, அதிலிருந்து இருபது அடி அளந்து தரையில் சாக்பீஸ் கோடு. அந்த முதல் வருடம் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை அட்டைக்குப் பக்கத்திலேயே வரிசையில் நிற்க வைத்தேன். முன்னால் நிற்பவன் வாசிக்க வாசிக்கப் பின்னால் இருப்பவர்களுக்கு எழுத்தெல்லாம் மனப்பாடம். ஒரு பையன் எல்லா வரியையும் கடகடவென்று ஒப்பித்தான். "சரி, போ" என்று அனுப்பிவிட்டேன்.

அதே பையன் வகுப்பில் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். காப்பி அடிக்கிறான் என்று எத்தனை நாள் முட்டி போட வைத்தேன் தெரியுமா? அடுத்த வருடம் ஆங்கில E எழுத்து மட்டும் பல பக்கம் திரும்பி இருக்கும் அட்டை வந்தது. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். நடுநடுவே அட்டையைத் திருப்பிவிடலாம், மனப்பாடம் பலிக்காது. அவனால் இரண்டாவது வரிக்கு மேல் காட்ட முடியவில்லை. கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும். கரும்பலகை அவனுக்குத் தெரிந்ததே இல்லை. அவனை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம், ஒவ்வொரு பிள்ளையாக வகுப்புக்கு வெளியே கூப்பிட்டுத்தான் பார்ப்பேன். உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்வேன், விரலால் மூடினால் இடுக்கில் பார்ப்பார்கள். கண்ணை அழுத்தவும் விடமாட்டேன், அழுத்திவிட்டு எடுத்தால் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் தெரியும். 2013-க்குப் பிறகு பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. டீம் வந்தாலும், என் வகுப்பை நான் முன்னாடியே ஒரு தடவை பார்த்துவிடுவேன்.

கண்ணாடி வாங்கிக் கொடுப்பதைவிடப் போட வைப்பதுதான் பெரும்பாடு. பெண் பிள்ளைகள் பையிலேயே வைத்திருப்பார்கள். "சோடாபுட்டி" என்று ஒருத்தன் சொன்னால் போதும், மறுநாள் கழற்றிவிடுவார்கள். "பொண்ணுக்குக் கண்ணாடி போட்டா நாளைக்கு யாரு கட்டுவா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்த தாய்மார்கள் உண்டு. பெரம்பூர் சகோதரி, பாப்பாவின் வகுப்பு டீச்சரிடம் ஒட்டுத்துணி பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னால் கேலி பாதி அடங்கிவிடும்.

ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பார்வைப் பரிசோதகர்), கோடம்பாக்கம்:

டீச்சர் சொன்னது அத்தனையும் உண்மை. சோம்பல் கண்ணுக்கு ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். அதைத் தாண்டிய பிள்ளைகளிலும் சிலருக்குப் பார்வை ஏறுவதுண்டு, ஆனால் உழைப்பு அதிகம். எத்தனை மணி நேரம் மூடுவது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பக்கத்து வீட்டுக் கணக்கைப் பின்பற்றாதீர்கள். நல்ல கண்ணையும் விடாமல் பரிசோதிக்க வேண்டும், சொன்ன தேதிக்கு வந்துவிடுங்கள்.

சில விஷயங்களுக்குப் பள்ளிப் பரிசோதனை வரை காத்திருக்கவே கூடாது. மாறுகண்ணை "அதிர்ஷ்டக் கண்" என்று சொல்லி வளர்க்கிறார்கள். அந்த அதிர்ஷ்டத்தில் ஒரு கண் பார்வை போய்விடலாம். ஃபோட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கண்ணில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம், கண்புரையாகவும் இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். வெயில் காலத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையை மெட்ராஸ் ஐ என்று நினைத்து மருந்துக்கடைச் சொட்டு மருந்தோடு விட்டுவிடாதீர்கள். அலர்ஜியாக இருக்கலாம். வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழியே கூம்பு போலப் புடைத்துவிடும் ஆபத்து உண்டு.

பெரம்பூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். டீச்சர், நீங்கள் சொன்னபடியே செய்தேன். பாப்பாவின் மிஸ் ஒட்டுத்துணியில் தினமும் ஒரு பூ வரைந்துவிடுகிறார். இப்போது மற்ற பிள்ளைகளும் தங்களுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்களாம். அயனாவரம் தம்பி எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து ஒட்டுத்துணி ஒட்டுவது அவர் பொறுப்பு.

போன வாரம் ஆஸ்பத்திரியில் இடது கண் 6/12. வீட்டில் அதே சுவரோரம், அதே காலண்டர். தேதி, கிழமை இரண்டையும் வாசிக்கிறாள். அதற்குக் கீழே உள்ள "நல்ல நேரம்" என்ற எழுத்து இன்னும் தெரியவில்லை. "ஏதோ ரெண்டு வார்த்தை இருக்கும்மா, இரு, கண்டுபிடிக்கிறேன்" என்கிறாள்.